மாங்காய் பிஸ்கட்

மார்கழி பிறந்துவிட்டால் பாளையங்கோட்டையில் எங்கள் வளவு நான்கு மணிக்கே விழித்துக்கொள்ளும். எங்கள் வாசலில் அம்மா சாணி தெளித்துக்கொண்டிருப்பாள். இரண்டு வீடு தள்ளி, மூங்கில் குச்சியும் வண்ணத்தாளும் கொண்டு கட்டிய நட்சத்திரத்துக்குள் விடிய விடிய விளக்கு எரியும். எழுபதுகளின் நடுப்பகுதி அது. அந்த நட்சத்திர வீட்டம்மா பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்தவர். வளவில் பெரியவர்களுக்கு அவர் டீச்சரம்மா, எனக்கு டீச்சர் அத்தை.

திருநெல்வேலிச் சீமையின் கிறிஸ்தவ வீடுகளில் கிறிஸ்மஸ் பலகாரம் என்றால் முந்திரிக்கொத்து, அச்சு முறுக்கு, கலகலா, அதிரசம். எல்லாமே எண்ணெய்ச் சட்டியில் பொரிந்து வருபவை. தீபாவளிக்கு எங்கள் வீட்டில் சுடுவதற்கும் இவற்றுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. முந்திரிக்கொத்து என்று பேர்தானே தவிர, உள்ளே இருப்பது வறுத்த பாசிப்பயறும் வெல்லமும். அது எந்தச் சாமிக்கும் பொது. டீச்சர் அத்தை வீட்டில் மட்டும் இவற்றோடு இன்னொன்று நடந்தது. மாவைத் தேய்த்து, மணி, நட்சத்திரம், மீன் என்று தகர அச்சால் வெட்டி, சுட்டு, ஆறவைத்து, மேலே சீனிப் பாகால் படம் போடுவார்கள். பிஸ்கட் என்பது கடையில் கண்ணாடிப் பாட்டிலுக்குள் இருக்கிற பொருள் என்று நினைத்திருந்த எனக்கு, அதை வீட்டு அடுக்களையில் செய்வது மந்திரமாகவே இருந்தது.

வேலை வெண்ணெயில் தொடங்கும். மோர் விற்க வருகிற அம்மாவிடம் ஒரு வாரத்துக்கு முன்பே சொல்லிவைத்துவிடுவார் அத்தை. பச்சைத் தண்ணீரில் மிதந்துகொண்டு வரும் உருண்டைகள். அதைப் புளிப்புப் போகக் கழுவி, மெல்லிய துணியில் கட்டி, கையால் அழுத்தி ஈரத்தைப் பிழிந்தெடுக்க வேண்டும். வெண்ணெயில் தண்ணீர் நின்றால் மாவு இழுவையாகிவிடும், பிஸ்கட் மொறுமொறுக்காது. ரேஷன் சீனி கல்கல்லாக இருக்கும். அதை உரலில் இடித்து வெள்ளைத் துணியில் சலிப்பது எங்கள் வேலை. எங்கள் என்றால் நானும் அத்தையின் மகளும். அவள் என்னைவிட மூத்தவள், எனக்கு அக்கா.

அளவை அத்தை எழுதிவைத்ததே இல்லை. “ஒண்ணு, ரெண்டு, மூணு. சீனி ஒண்ணு, வெண்ணெய் ரெண்டு, மைதா மூணு. இதுக்கு எதுக்குட்டி புஸ்தகம்?” என்பார். நூறு கிராம் சீனி என்றால் இருநூறு வெண்ணெய், முந்நூறு மைதா, ஒரு முட்டை, வெனிலா எசன்ஸ் சில சொட்டு. ஆசிரியப் பயிற்சி காலத்தில் விடுதியில் மிஸ்ஸியம்மா ஒருவரிடம் கற்றுக்கொண்டது. ஜெர்மன்காரர்கள் வீட்டிலும் இந்த மாவுக்கு இதே ஒன்று, இரண்டு, மூன்றுதான் கணக்கு என்று வெகு காலம் கழித்துப் படித்தேன். பாளையங்கோட்டைக்கு 1820ல் வந்து, 1826ல் ஊசிக்கோபுரக் கோயிலைக் கட்டிய ரேனியஸ் ஐயரும் ஜெர்மன்காரர்தான். அவர் வீட்டு அடுக்களையிலிருந்து எங்கள் வளவுக்கு நேர்கோடு போட நான் துணியமாட்டேன். ஆனால் அந்தக் கணக்கைப் படித்த அன்றைக்கு, இத்தனை கடல் தாண்டி எண்ணிக்கை மாறாமல் வந்து சேர்ந்திருக்கிறதே என்று நெஞ்சு நிறைந்தது நிஜம்.

அத்தையின் மாமியார், எங்களுக்கு ஆச்சி, நாசரேத்துக்காரர். திருச்செந்தூர் ரயில் பாதையில், தேரிக்காட்டுப் பக்கத்து ஊர். அப்போது அதுவும் திருநெல்வேலி மாவட்டம்தான், 1986ல்தான் தூத்துக்குடி தனி மாவட்டமானது. மர்காஷிஸ் ஐயர் 1876 முதல் 1908 வரை அங்கே இருந்து பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் தொழிற்பள்ளியும் வளர்த்த கதையை ஆச்சி தன் சொந்தத் தாத்தாவைப் பற்றிச் சொல்கிற உரிமையோடு சொல்வார். அமெரிக்காவில் பென்சில்வேனியாவிலும் ஒரு நாசரேத் இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் அங்கே குடியேறிய மொரேவியச் சபை ஜெர்மானியர்கள்தான் இந்தச் சீனி பிஸ்கட்டுக்கு இன்றைய உருவம் கொடுத்தவர்கள் என்று சொல்வார்கள். இது தெரிந்திருந்தால் ஆச்சியைப் பிடித்திருக்க முடியாது. “எங்க ஊர் பலகாரம்லா” என்று வளவு முழுக்கச் சொல்லியிருப்பார்.

அச்சுகளும் நாசரேத்திலிருந்து வந்தவைதான். தொழிற்பள்ளியில் படித்த உறவினர் ஒருவர் எண்ணெய் டின் தகரத்தை விரற்கடை அகலப் பட்டையாக வெட்டி, வளைத்து, ஈயம் பற்றவைத்துக் கொடுத்தது. கை அழுத்துகிற மேல் விளிம்பை மடித்துவிட்டிருப்பார், மாவை வெட்டுகிற கீழ் விளிம்பு கூர்மையாக இருக்கும். மணி, நட்சத்திரம், பிறை, மீன், மாங்காய். பிறை மேலப்பாளையத்திலிருந்து ஆச்சிக்கு ஜாக்கெட் துணி கொண்டுவருகிற பாய் வீட்டுக்குப் போகிற தட்டுக்கு. மாங்காய் எங்கள் வீட்டுக்கு. அதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும்.

எங்கள் வீட்டில் முட்டை புழங்கமாட்டோம். அம்மா அதை யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை, அத்தையும் கேட்டதில்லை. ஆனால் முதல் தட்டு எப்போதும் முட்டை போடாத மாவுதான். சட்டி, கரண்டி, தேய்க்கிற பலகை எல்லாம் புளி போட்டுத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்தியிருக்கும்போதே அதைப் பிசைந்து, வெட்டி, சுட்டு எடுத்துத் தனி டப்பாவில் போட்டு மூடிவிடுவார். முட்டைக்குப் பதில் மாவு சேர்கிற அளவுக்கு இரண்டு கரண்டி பால். அதற்குப் பிறகுதான் முட்டை உடையும். அந்த முதல் ஈடு முழுக்க மாங்காய் வடிவத்தில் மட்டுமே வெட்டப்படும். வேறு எந்த மாவும் மாங்காய் ஆகாது. தட்டில் நான்கைந்து வகை கலந்து கிடந்தாலும், மாங்காய் என்றால் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துச் சாப்பிடலாம். எங்கள் வளவில் சைவ வீடுகள் எல்லாவற்றுக்கும் இது தெரியும். எதிர்வீட்டுத் தாத்தா சந்தியாவந்தனம் முடித்துவிட்டு மாங்காய் பிஸ்கட்டைக் காப்பியில் முக்கிச் சாப்பிடுவார். நான் அத்தை வீட்டு அடுக்களையில் உட்கார்ந்து மீனைத் தின்பது அம்மாவுக்குத் தெரியும். வாயைத் துடைத்துவிடுவாளே தவிர ஒன்றும் கேட்டதில்லை.

மாவு பிசைவதில் அத்தைக்குத் திட்டமான கொள்கைகள் உண்டு. வெண்ணெயையும் சீனியையும் வெள்ளை வெளேரென்று பொங்கும் வரை தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மைதா விழுந்ததும் கையை அடக்கிவிட வேண்டும். “சப்பாத்திக்குப் பிசையுத மாதிரி பிசையாதட்டி. திரட்டு, அவ்வளவுதான்.” பிசையப் பிசைய மைதாவில் இழுவை ஏறும், சுடும்போது சுருங்கிப் பிஸ்கட் கல்லாகும். சோடா உப்பு, பேக்கிங் பவுடர் எதுவும் கிட்டே வரக்கூடாது. போட்டால் மாவு உப்பிப் பரவும், நட்சத்திரத்தின் முனை மழுங்கும், மீனுக்கு வயிறு வீங்கும். இன்றைக்கும் யாராவது இந்த மாவில் ஒரு சிட்டிகை சோடா போடலாமா என்று கேட்டால் எனக்குக் கோபம் வந்துவிடுகிறது. உருவம் நிற்க வேண்டும் என்றுதானே இவ்வளவு பாடு.

அடுத்தது குளிர்ச்சி. எங்கள் ஊரில் மார்கழியிலும் பத்து மணிக்கு மேல் வெயில் ஏறினால் வெண்ணெய் இளகும். ஃப்ரிட்ஜ் வளவில் யாரிடமும் கிடையாது. மாவை எண்ணெய்த்தாளில் சுற்றி, எவர்சில்வர் தூக்கில் போட்டு இறுக மூடி, புறவாசல் மண்தொட்டித் தண்ணீரில் ராத்திரி முழுக்க மிதக்கவிடுவார்கள். காலையில் எடுத்தால் விரல் பதியாத பதத்தில் இருக்கும். வெயில் வருமுன் தேய்த்து வெட்டிவிட வேண்டும். கோலம் போட்டுமுடித்த கையோடு நான் அங்கே ஓடுவதற்கு அதுதான் காரணம். அச்சைத் திருகக்கூடாது. நேராக அழுத்தி நேராக எடுக்க வேண்டும். ஓர் அச்சுக்கும் இன்னொன்றுக்கும் இடையே மாவு வீணாகாமல் மீனின் வாலுக்குப் பக்கத்தில் பிறையைச் செருகுவது அக்காவின் கெட்டிக்காரத்தனம். உதிரி மாவை மறுபடி திரட்டினால் அதில் சுடுகிற பிஸ்கட் கொஞ்சம் கடினமாகும். அது எங்களுக்கு, தட்டுக்குப் போகாது.

சுடுவதற்கு மணல் அடுப்பு. பழைய கனத்த இரும்புச் சட்டியில் நான்கு விரல் உயரத்துக்கு ஆற்று மணல். தாமிரபரணி மணல், வண்ணார்பேட்டைப் பக்கம் ஆற்றிலிருந்து எடுத்துவந்து, சலித்து, பலமுறை அலசி, வெயிலில் காயவைத்தது. மணல் மேல் மூன்று ஓட்டுச் சில்லு, அதன் மேல் பிஸ்கட் அடுக்கிய அலுமினியத் தட்டு, மேலே கனமான மூடி, மூடியின் மேல் கனன்று கொண்டிருக்கும் சிரட்டைக் கரி. கீழே விறகு, மேலே கரி, நடுவில் சூடு ஒரே சீராக நிற்கும். மணல் சூட்டை மெல்ல வாங்கும், வாங்கியதை மெல்ல விடும், அதனால் அடி கருகாது. பதம் பார்க்க ஒரு வெள்ளைத் தாள் துண்டை உள்ளே போட்டு மூடுவார் அத்தை. தாள் உடனே கருகினால் கரியைக் குறைக்க வேண்டும், பழுப்பாக நிறம் மாறினால் சரி. கடிகாரம் பட்டாசலில் தொங்கியது, அடுக்களையிலிருந்து தெரியாது. ஆச்சி பாடுவார். தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் கீர்த்தனை ஒன்று, எல்லாச் சரணமும், நிறுத்தி நிதானமாக. பாட்டு முடிந்தால் தட்டை எடுக்கலாம். தஞ்சாவூர் என்று பேரோடு ஒட்டிக்கொண்டாலும் சாஸ்திரியார் 1774ல் பிறந்தது திருநெல்வேலியில்தான் என்பதை ஆச்சி ஒவ்வொரு ஈட்டுக்கும் ஒருதரம் சொல்லிவிடுவார்.

அந்த மணலைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடல் சேரும் வரை இந்த ஆறு கொண்டுவந்து போட்டதை, பின்னால் லாரி லாரியாக அள்ளினார்கள். 2010ல் நல்லகண்ணு ஐயா தொடுத்த வழக்கில் மதுரைக் கிளை உயர் நீதிமன்றம் தாமிரபரணியில் மணல் அள்ள ஐந்து ஆண்டு தடை விதித்தபோது, ஒரு சட்டி மணலை அலசிக் காயவைத்துப் பல வருஷம் அதையே வைத்துப் புழங்கிய அடுக்களை எனக்கு ஞாபகம் வந்தது. கிறிஸ்மஸ் முடிந்ததும் அந்த மணலைச் சாக்கில் கட்டிப் பரணில் ஏற்றிவிடுவார்கள். அடுத்த வருஷமும் அதே மணல்தான்.

ஆறிய பிஸ்கட்டுகளைப் பட்டாசலில் பத்தமடைப் பாய் மேல் வெள்ளை வேட்டி விரித்துப் பரப்புவார்கள். நான் காத்திருந்தது இதற்குத்தான். முட்டை வெள்ளையை நுரைக்க அடித்து, பொடித்த சீனியும் எலுமிச்சைச் சாறும் சேர்த்தால் ஐசிங். ரொட்டி சுற்றி வரும் மெழுகுத்தாளைக் கூம்பாகச் சுருட்டி, உள்ளே ஐசிங் நிரப்பி, நுனியை ஊசி நுழைகிற அளவுக்கு வெட்ட வேண்டும். முதல் நாள் அத்தை என் கையில் கூம்பைக் கொடுத்துவிட்டு, “வாசல்ல போடுததை இதுல போடு” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

எனக்குக் கோலம் வரும். புள்ளி வைத்துச் சுற்றிவருகிற கம்பிக் கோலத்தை, வைத்த கையை எடுக்காமல், தொடங்கிய இடத்திலேயே கொண்டுபோய் முடிப்பேன். கோலமாவு விரலிடுக்கில் உதிர்ந்து விழுவது, ஐசிங் வழிந்து இறங்குவது. கையின் உயரமும் வேகமும் மட்டும்தான் வேறு. கூம்பு நுனியைப் பிஸ்கட்டில் உரசாமல், சற்றே மேலே பிடித்து, கோடு தானாக விழும்படி விட்டால் நடுக்கம் தெரியாது. மணி வடிவத்துக்குள் மூன்று புள்ளி வைத்து ஒரு சின்னச் சிக்குக் கோலம் போட்டேன். ஆச்சி கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். “ஏ பிள்ளெ, இதை எப்படிக் கடிக்கது?” என்றார். அந்த வருஷம் போதகர் வீட்டுக்குப் போன தட்டில் அத்தனை மணியிலும் கோலம்.

அக்காவின் கை வேறு. ஆச்சியின் தங்கை இடையன்குடியில் வாழ்க்கைப்பட்டவர், லேஸ் பின்னுவார். கால்டுவெல் ஐயரின் மனைவி எலைசா அம்மையார் அந்த ஊர்ப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்து வேர்பிடித்த வேலை அது. அவர் அம்மா மார்த்தா மால்ட் நாகர்கோவிலில் இதே லேஸை முதலில் பெண்களுக்குக் கற்பித்தவர். அப்படி வந்த தட்டுத் துணி ஒன்று அத்தை வீட்டில் இருந்தது. அக்கா அதைப் பக்கத்தில் விரித்துவைத்துக்கொண்டு, அதன் கண்ணி கண்ணியான ஓரத்தை அப்படியே நட்சத்திரத்தின் ஐந்து முனைக்கும் கொண்டுவருவாள். எதிரும் புதிருமாக உட்கார்ந்து அவள் லேஸும் நான் கோலமும் போடுவோம். பேச்சு இருக்காது. வரைகிற வரை மூச்சைப் பிடித்துக்கொள்வோம், கோடு முடிந்ததும் இரண்டு பேரும் ஒன்றாக விடுவோம்.

நிரப்புவதற்குத் தளர்ந்த ஐசிங் வேண்டும். கரண்டியிலிருந்து ஒழுகவிட்ட கோடு, பத்து எண்ணுவதற்குள் மேற்பரப்பில் மறைந்துவிட்டால் அதுதான் பதம். முதலில் கெட்டியான ஐசிங்கால் வரப்புக் கட்டி, அது காய்ந்த பிறகு தளர்ந்ததை உள்ளே பாய்ச்ச வேண்டும். நிறங்கள் அடுக்களையிலேயே கிடைத்தன. பீட்ரூட் சாற்றில் ரோஜா நிறம், கேசரிப் பவுடரில் செம்மஞ்சள், மஞ்சள்தூளில் மஞ்சள். ஆரத்தித் தட்டில் சுண்ணாம்பு பட்டதும் சிவந்துபோகிற மஞ்சள், ஐசிங்கில் மட்டும் ஏன் மஞ்சளாகவே நிற்கிறது என்று அத்தையிடம் கேட்டேன். “அதுல காரம், இதுல புளிப்பு” என்றார். எலுமிச்சை இருக்கும் வரை மஞ்சள் நிறம் மாறாது. வேதியியலில் நான் படித்த முதல் பாடம் அதுதான், பள்ளிக்கூடத்தில் அந்த அத்தியாயம் வர எத்தனையோ வருஷம் ஆனது.

மாங்காய்க்கு முட்டை வெள்ளை ஆகாதே. பொடித்த சீனியில் எலுமிச்சைச் சாறும் பாலும் சொட்டுச் சொட்டாக விட்டுக் குழைத்துத் தடவுவோம். அது மெதுவாகத்தான் காயும், கண்ணாடி மாதிரி இறுகாது, கோலம் போட்டால் கரை கலைந்துவிடும். ஆகவே மாங்காய்க்குச் சீரக மிட்டாய். சிவப்பு, பச்சை, வெள்ளை மிட்டாய்களை ஒவ்வொன்றாக எடுத்து, பட்டுப்புடவைக் கரையில் இருக்கிற மாங்காயைப் போல ஓரத்தில் ஒரு வரிசை, உள்ளே ஒரு வரிசை, காம்பில் ஒன்று. கடித்தால் சீனிக்கு நடுவே சீரகம் மணக்கும். எல்லா பிஸ்கட்டையும்விட எனக்குப் பிடித்தது இதுதான். எங்கள் வீட்டுக்கு வருகிறது என்பதால் சொல்லவில்லை, அந்தச் சீரகத்தின் காரலுக்காக.

மழை பிடித்துக்கொண்டால் ஐசிங் காயாது. ஐப்பசி, கார்த்திகை மழை சில வருஷம் மார்கழியிலும் மிச்சம் வைத்திருக்கும். காற்றில் இருக்கும் ஈரத்தைச் சீனி இழுத்துக்கொள்ளும், தொட்டால் விரலில் ஒட்டும். அன்றைக்குச் சாம்பல் பூத்த கரிச்சட்டியைப் பட்டாசலின் நான்கு மூலையிலும் வைத்துக் கதவை அடைத்துவிடுவார்கள். எறும்புக்குத் தனி ஏற்பாடு. பெஞ்சின் நான்கு காலும் தண்ணீர் ஊற்றிய சிரட்டையில் நிற்கும்.

இருபத்து நான்காம் தேதி சாயங்காலம் தட்டுகள் கிளம்பும். லேஸ் துணி போர்த்திய தட்டு எங்கள் வீட்டுக்கு வரும்போது அம்மா தார்சாவுக்கே வந்து வாங்கிக்கொள்வாள். மேலே முந்திரிக்கொத்து, ஓரத்தில் வாழைப்பழம், நடுவில் மாங்காய்கள். திருப்பிக் கொடுக்கும்போது வெறும் தட்டாகக் கொடுக்கக்கூடாது. அம்மா அதில் சீனியும் மஞ்சள் கிழங்கும் வைப்பாள், பொங்கலுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கும்போதே. அத்தை அந்தச் சீனியை வேறொன்றுக்கும் எடுக்காமல் வைத்திருந்து, அடுத்த கிறிஸ்மஸ் முதல் ஈட்டு மாவில் போடுவார் என்று அக்கா எனக்குப் பின்னொரு நாள் சொன்னாள்.

அக்கா இப்போது மெல்போர்னில். அங்கே டிசம்பர் கடும் கோடை. போன கிறிஸ்மஸுக்கு முன்னால் ஒருநாள் போனில் கூப்பிட்டாள். “ஃப்ரிட்ஜிலேர்ந்து வெளிய எடுத்த கையோட மாவு இளகுதுட்டி, எங்க பாளையங்கோட்டையே தேவலைங்கது மாதிரி வெயிலு” என்றாள். பலகைக்கு அடியில் பனிக்கட்டித் தட்டு வைத்துத் தேய்க்கச் சொன்னேன். வெட்டின பிறகு கால் மணி நேரம் மறுபடி ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு அடுப்பில் வை, முனை மழுங்காது என்றேன். அவளுக்குத் தெரியாததா? ஆனாலும் சொன்னேன், அவளும் கேட்டுக்கொண்டாள். பிறகுதான் விஷயத்துக்கு வந்தாள். பக்கத்து வீட்டுக்குப் புதிதாக ஒரு குஜராத்திக் குடும்பம் வந்திருக்கிறதாம், முட்டை தொடமாட்டார்களாம்.

“அந்த மாங்காய் அச்சு உன்கிட்டயா இருக்கு? அளவு வேணும்.”

அச்சை நோட்டுத்தாளில் வைத்துச் சுற்றி வரைந்து, பக்கத்தில் அடிக்கோலை வைத்துப் படம் எடுத்து அனுப்பினேன். பால் மாவு டின் தகரம் போதும், கை படுகிற விளிம்பை மட்டும் மறக்காமல் மடித்துவிடு என்றும் எழுதினேன். சீரக மிட்டாய்க்கு அவள் அலையவில்லை, இந்தியக் கடையில் பாக்குப் பொட்டலங்களுக்குப் பக்கத்தில் சோம்பு மிட்டாய் இருக்கிறதாம். சோம்பு வேண்டாம், மணம் தூக்கலாகிவிடும், கொஞ்சம் பொறு என்று சொல்லிவிட்டு அன்றைக்கே டவுனுக்குப் போய் அரைக் கிலோ சீரக மிட்டாய் வாங்கிப் பார்சல் போட்டேன்.